டர்பனில் சிறுநீரகம் யாருக்குக் கெடுகிறது, யாருக்கு நேரத்தோடு தெரிகிறது

1997 நவம்பர் 27 அன்று தென்னாப்பிரிக்க அரசியல் சட்ட நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் டர்பன்காரர், தியாகராஜ் சூப்ரமணி. சுப்பிரமணி என்ற பெயர், டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் பதிவேடுகளில் ஏறியபோது இப்படித்தான் ஆனது. அவருக்கு 41 வயது, வேலை இல்லை. சர்க்கரை நோயும் இதய ரத்தக்குழாய் நோயும் இருந்தன. 1996இல் பக்கவாதம் வந்தது. அதே ஆண்டு இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயின. தனியாரிடம் காசு கொடுத்து டயாலிசிஸ் செய்துகொண்டார். காசு தீர்ந்ததும் அரசின் அடிங்டன் மருத்துவமனையில் கேட்டார். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவருக்கு மட்டுமே தொடர் டயாலிசிஸ் என்பது அங்கே விதி. இதய நோய் இருந்ததால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை.

தீர்ப்பைப் படித்தால் கணக்கு முழுக்க அதிலேயே இருக்கிறது. மருத்துவமனையில் 20 டயாலிசிஸ் இயந்திரங்கள். அவற்றிலும் சில நல்ல நிலையில் இல்லை. ஒருவருக்கு 4 மணி நேரம், பிறகு இயந்திரத்தைச் சுத்தம் செய்ய 2 மணி நேரம். வாரம் இரண்டு முறை என்று வைத்தாலும் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 ராண்ட். அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு தரும் மருத்துவ உரிமை அரசின் கையிருப்புக்கு உட்பட்டது, நாள்பட்ட நோய்க்கான டயாலிசிஸ் ‘அவசர சிகிச்சை’ ஆகாது என்று நீதிமன்றம் முடித்துக்கொண்டது. சில நாட்களில் அவர் இறந்தார்.

இந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் உரிமை பற்றிய பாடமாக நடத்துகிறார்கள். மருத்துவக் கண்ணில் பார்த்தால் இது வேறு கதை. டயாலிசிஸ் நாற்காலிக்கு வந்து நிற்கும் எவருடைய நோயும் அங்கே தொடங்கியிருக்காது. பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். நடுவில் சில ராண்ட் மாத்திரையாலும் ஒரு புட்டி சிறுநீராலும் தடுத்திருக்கக்கூடிய இடங்கள் பல வந்து போயிருக்கும். அந்த இடங்களில் யார் நின்று கவனிக்கப்பட்டார்கள், யார் கடந்து போனார்கள் என்பதில் பெரும்பகுதியை முடிவு செய்வது வருமானமும் வீட்டு விலாசமும் வேலை நேரமும்தான்.

டர்பனைச் சுற்றி இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் இதற்கு ஒரு சுருக்கமான பதில் தயாராக இருக்கும்: “நம்ம ரத்தத்திலேயே சுகர் இருக்கு.” முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இந்திய வம்சாவளியினருக்குச் சர்க்கரை நோய் இளம் வயதிலும், அதிகப் பருமன் இல்லாத உடம்பிலும் வருகிறது. டர்பனில் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஆனால் இந்தப் பதில் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுகிறது. ஒரே பாட்டிக்குப் பிறந்த இரண்டு பேரப் பிள்ளைகளில் ஒருவருக்கு 60 வயதில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் லேசாக ஏறுகிறது, இன்னொருவர் 45 வயதில் டயாலிசிஸுக்கு அலைகிறார் என்றால் ரத்தத்தைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிறப்பதற்கு முன்பே தொடங்கும் கணக்கு

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண் வடிகட்டிகள் உண்டு. சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும். சிலருக்கு இரண்டு மூன்று லட்சம்தான் இருக்கும், சிலருக்கு இருபது லட்சத்துக்கு மேல். இவை எல்லாமே தாயின் வயிற்றில், ஏறத்தாழ 36 வாரத்துக்குள் உருவாகி முடிகின்றன. பிறகு ஒன்றுகூடப் புதிதாக வராது. தாய்க்குச் சத்துக் குறைந்தாலோ, கர்ப்பத்தில் பிரஷர் ஏறினாலோ, குறைமாதத்தில் பிறந்தாலோ குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. அதன் வடிகட்டிகளும் குறைவு. குறைந்த எண்ணிக்கையில் இருப்பவை ஒவ்வொன்றும் கூடுதலாக உழைக்கின்றன. அழுத்தம் ஏறி, தழும்பு விழுந்து, அவையும் ஒவ்வொன்றாகச் சாகின்றன. இந்தக் கருத்தை 1988இல் முன்வைத்தவர் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் பேரி பிரென்னர். அதற்குப் பிறகு வந்த சான்றுகள் அதைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

ஆகவே ஒருவருடைய சிறுநீரகத்தின் கையிருப்பு அவருடைய அம்மாவின் சாப்பாட்டுத் தட்டிலும் வேலைச் சுமையிலும் எழுதப்பட்டுவிடுகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல். அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய், உப்பு எல்லாம் படியாக அளந்து கொடுக்கப்பட்டன. கர்ப்பிணிகளும் கரும்புக் காட்டில் நின்றார்கள். பின் தலைமுறைக்கு வயிறு நிறைந்தது. ஆனால் நிறைத்தது வெள்ளை ரொட்டியும் சீனியும் எண்ணெயில் பொரித்தவையும். மெலிந்து பிறந்து, பின்னால் வயிறு பருத்த உடம்புக்குச் சர்க்கரை நோயும் பிரஷரும் எளிதில் வரும். வயிற்றிலிருந்தே வரும் இந்தக் குறையையும் சேர்த்துத்தான் நாம் ‘ரத்தம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சத்தமில்லாத நோய், சத்தமில்லாத எண்

சிறுநீரகம் முக்கால்வாசி போகும்வரை உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம். வலி இருக்காது. சிறுநீர் வழக்கம்போலப் போகும். கால் வீக்கம், நுரை, வாந்தி, உடல் அரிப்பு என்று வரும்போது காலம் தாண்டியிருக்கும். தேடிப் பார்த்தால்தான் நோய் தெரியும். தேட இரண்டே பரிசோதனைகள் போதும்.

ஒன்று, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம். காலைச் சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் 3க்குக் கீழ் இருந்தால் சரி. 3 முதல் 30 வரை எச்சரிக்கை. 30க்கு மேல் போனால் வடிகட்டி வெளிப்படையாகக் கசிகிறது. இங்கே ஆய்வகச் சீட்டில் மில்லிகிராம்/மில்லிமோல் அளவில் வரும். இந்திய இணையதளங்களில் உள்ள அளவு வேறு, அங்கே 30, 300 என்று இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலோடு நம் சீட்டை ஒப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் உண்டு.

இன்னொன்று, ரத்தத்தில் கிரியேட்டினின். இதில்தான் பெரிய ஏமாற்று இருக்கிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. 25 வயது ஆணுக்கு 90 மைக்ரோமோல் என்றால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 105 மில்லி. அதே 90 ஒரு 70 வயது அம்மாவுக்கு வந்தால் வேகம் 59தான். அந்த அளவு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் சிறுநீரக நோய். சீட்டில் இரண்டுமே ‘நார்மல்’ வரம்புக்குள் தெரியலாம். சத்துக் குறைந்து மெலிந்த ஏழைக் கிழவிக்குத் தசையே இல்லை. ஆகவே அவளுடைய எண் மற்றவர்களுடையதைவிட அழகாக இருக்கும். கிரியேட்டினினை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் இடத்தில் முதலில் தவறவிடப்படுபவள் அவள்தான். இந்த வடிகட்டும் வேகத்துக்கு, சீட்டில் ‘ஈ-ஜி-எஃப்-ஆர்’ என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 60க்கு மேல் என்றால் ஆல்புமினையும் பார்க்க வேண்டும். 30க்குக் கீழ் என்றால் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பும் கடிதம் வேண்டும். 15க்குக் கீழ் என்றால் டயாலிசிஸ் பேச்சு.

அந்தக் கணக்கிலேயே சமூகமும் புகுந்திருந்தது. அமெரிக்கச் சூத்திரங்கள் கறுப்பினத்தவருடைய எண்ணை ஒரு பெருக்கத்தால் உயர்த்திக் காட்டின. நோய் முற்றிய பிறகும் ‘இன்னும் இருக்கிறது’ என்று காட்டியதால் சிகிச்சை தள்ளிப்போனது. 2021இல் வந்த புதிய சூத்திரம் அதை எடுத்துவிட்டது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களுக்கு அந்தப் பெருக்கம் பொருந்தாது என்று இங்குள்ள ஆய்வாளர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

கால் பன்னி ரொட்டியில் எவ்வளவு உப்பு

யார் எங்கே வசிக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்து 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் நம்மவர்களை டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து கிளப்பியது. காய்கறித் தோட்டம் வைத்துப் பிழைத்தவர்கள் 1960களில் சாட்ஸ்வர்த் யூனிட் வீடுகளுக்கும், 1970களின் பாதியிலிருந்து ஃபீனிக்ஸுக்கும் போனார்கள். கீரை பறித்த கை கடையில் ரொட்டி வாங்கத் தொடங்கியது. வேலை தூரம் போனது. விடியற்காலையில் பஸ், இருட்டிய பிறகு வீடு. சமைக்க நேரம் இல்லாத வீட்டில் டின் மீன், போலனி, சூப் பவுடர், பொட்டல நூடுல்ஸ் இடம் பிடிப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல. மலிவு, கெடாது, பத்து நிமிடத்தில் வயிறு நிறையும்.

உப்புக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. இந்த நாட்டில் 2013இல் அறிவித்து, 2016 ஜூன் 30இலிருந்து ரொட்டி, சூப் பவுடர், சிப்ஸ், பதப்படுத்திய இறைச்சி போன்றவற்றுக்குச் சட்டப்படி சோடிய வரம்பு வைத்தார்கள். 2019இல் அதை இன்னும் இறுக்கினார்கள். உலகில் இப்படிச் செய்த நாடுகள் குறைவு, இதைப் பாராட்டத்தான் வேண்டும். ரொட்டிக்கு 100 கிராமுக்கு 380 மில்லிகிராம் சோடியம். பன்னி என்பது ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு. 700 கிராம் ரொட்டியில் கால் பன்னி என்றால் 175 கிராம் ரொட்டி. அதில் மட்டும் 1.7 கிராம் உப்பு. அரைப் பன்னி என்றால் 3.3 கிராம். உள்ளே ஊற்றிய கறி, பக்கத்தில் வைத்த ஊறுகாய், அப்பளம் எதுவும் இதில் சேரவில்லை. கறியில் உப்பைக் குறைத்துவிட்டோம் என்று சொல்பவர்கள் ரொட்டியையும் ஊறுகாயையும் எண்ணுவதே இல்லை.

கடையில் ‘உப்புக்குப் பதில் உப்பு’ என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது உதவும். பழுதானவருக்கு, அதுவும் பிரஷருக்கு எனலாப்ரில் மாத்திரை எடுப்பவருக்கு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திவிடலாம்.

நோயாளிக்குத் தரும் உணவுத்தாளும் பெரும்பாலும் காசுள்ளவருக்காக எழுதியதுதான்: முட்டை வெள்ளைக்கரு, புதிய மீன், ஆப்பிள், பெர்ரி. உதவித்தொகையில் ஓடும் வீட்டில் இருப்பது உருளைக்கிழங்கும் பீன்ஸும். பொட்டாசியம் ஏறியவர் கிழங்கை விட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தோல் சீவி, சிறு துண்டாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியத்தில் கணிசமான பகுதி போய்விடும். நறுக்காமல் ஊறவைப்பது பெரிதாக உதவாது. வடித்த நீரைக் குழம்பில் சேர்த்தால் போனது திரும்பி வந்துவிடும். சிக்கனமான வீடுகளில் அடிக்கடி நடப்பது இது.

அடுத்தது வலி மாத்திரை. முதுகு வலி, மூட்டு வலி, தலைவலி எல்லாம் உடம்பை வைத்து உழைப்பவருக்கு அன்றாடம். விடுப்பு எடுத்தால் கூலி இல்லை. மூலைக் கடையிலேயே ஆஸ்பிரினும் பாராசிட்டமாலும் காஃபினும் கலந்த பொடி சில்லறைக்குக் கிடைக்கிறது, மருந்துக் கடையில் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக். எப்போதாவது ஒன்று போட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கணக்கில் தினமும் போட்டால் சிறுநீரகத்தின் உட்பகுதி காய்ந்து சுருங்கும். எனலாப்ரிலும், சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையும், ஐபுபுரோஃபெனும் மூன்றும் ஒன்று சேர்ந்து, அதோடு வயிற்றுப்போக்கும் வந்தால் இரண்டே நாளில் சிறுநீரகம் நிற்கலாம். மூன்றும் மூன்று வழியாக வடிகட்டிக்குள் போகும் அழுத்தத்தைக் குறைப்பதுதான் காரணம். வாந்தி, பேதி உள்ள நாட்களில் எனலாப்ரிலையும் நீர் மாத்திரையையும் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையும் நிறுத்தி வைக்கலாமா என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு, தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நோய் வந்த அன்று கேட்க ஆள் கிடைக்காது.

நாட்டு மருந்து என்றால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை சூலு மக்களிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. அவர்களுடைய ‘இம்பிலா’ வேர் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரை எடுத்திருக்கிறது. ஊரிலிருந்து பையில் வரும் சில பஸ்பங்களில் பாதரசமும் ஈயமும் இருப்பது ஆய்வகங்களில் தெரிந்த விஷயம். மருத்துவரிடம் போக ஒரு நாள் கூலி போகும்போது மக்கள் இவற்றிடம் போவது புரிந்துகொள்ளக் கூடியதே.

புரட்டாசி விரதமும் காவடிக்கு இருக்கும் விரதமும் இங்கே கண்டிப்பாக நடக்கும். சிறுநீரகம் குறைந்தவருக்கு கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை உடம்பில் தங்கிவிடும். சாப்பிடாத நாளில் அதைப் போட்டால் சர்க்கரை விழுந்து மயக்கம் வரும். விரதத்தை விடச் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

இலவசம், ஆனால் செலவு உண்டு

1996இலிருந்து அரசுக் கிளினிக்கில் ஆரம்ப சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பிரஷர் மாத்திரை, மெட்ஃபார்மின், எனலாப்ரில், இன்சுலின் எல்லாம் அங்கே உண்டு. உண்மையில் சிறுநீரகத்தைக் காக்கும் முக்கிய மருந்து இந்த மலிவான எனலாப்ரில் வகைதான். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் கெடுவதை இந்த வகை மெதுவாக்கும் என்பது அதே வகையைச் சேர்ந்த கேப்டோப்ரில் பற்றிய 1993 ஆய்விலிருந்து உறுதியாகத் தெரியும். அப்படியிருந்தும் ஏன் தவறுகிறது?

மாத்திரை தொடங்கி ஒன்று இரண்டு வாரத்தில் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பரவாயில்லை, தொடரலாம். அதற்கு மேல் ஏறினால் காரணம் தேட வேண்டும். பிறகு பிரஷர் 130/80 பக்கம் வரும்வரை அளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இதற்கு மூன்று நான்கு வருகைகள் தேவை. நாள் கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் சம்பளம், விடியற்காலை வரிசை, இரண்டு டாக்ஸி (பலரும் சேர்ந்து போகும் வேன்). முதல் வருகையில் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தது ஐந்து வருடம் கழித்தும் அதே 5 மில்லிகிராமாக நிற்கும். சீட்டைப் பார்த்தால் சிகிச்சை நடப்பதுபோலவே இருக்கும். பிரஷர் 160இல் இருக்கும்.

2014இலிருந்து நோய் நிலையாக உள்ளவர்கள் மாத்திரையை மட்டும் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடையிலோ வேறு இடத்திலோ வாங்கிக்கொள்ளும் திட்டம் நடக்கிறது. நல்ல திட்டம். ஆனால் வரிசையில் நிற்காதவர் பரிசோதனைக்கும் நிற்கமாட்டார். மாத்திரை பக்கத்துக் கடையில் வருகிறது என்றால், ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீர் ஆல்புமினும் கிரியேட்டினினும் பார்க்கும் தேதியைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். புதிதாக வந்த டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சிறுநீரகம் தேய்வதை இன்னும் மெதுவாக்குகின்றன. 2020இல் வந்த ஆய்வு சர்க்கரை நோய் இல்லாதவர்களிடமும் அதைக் காட்டியது. அவை முதலில் போய்ச் சேர்ந்தது, எங்கும் நடப்பதுபோல, பணம் கட்ட முடிந்தவர்களுக்கு.

கரும்பு வெட்டும் வேலையில் இன்று தமிழர்கள் மிகக் குறைவு, ஆனால் கரும்பு நம்மை விட்டுப் போகாத பேச்சு என்பதால் ஒரு வார்த்தை. எல் சால்வடோர், நிகராகுவா கரும்புக் காடுகளில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாத இளைஞர்களுக்குச் சிறுநீரகம் கெடுவது 2002 முதல் பதிவாகி வருகிறது. இலங்கையின் வடமத்திய மாகாண விவசாயிகளிடமும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதேபோல ஒன்று. காரணம் முழுதாக முடிவாகவில்லை. வெட்டிய எடைக்குக் கூலி, நிழல் இல்லை, நீர் போதாது என்ற ஏற்பாட்டில் தினம் தினம் உடம்பு வறண்டு போவது முக்கியப் பங்கு வகிக்கிறது என்பது மத்திய அமெரிக்க ஆய்வுகளின் போக்கு. நீர், ஓய்வு, நிழல் மூன்றையும் நேரப்படி கொடுத்த தோட்டங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

நாற்காலி யாருக்கு

சிறுநீரகம் நின்ற பிறகுதான் வர்க்கம் பச்சையாகத் தெரியும். இந்த நாட்டில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு மட்டுமே மெடிக்கல் எய்ட் காப்பீடு உண்டு. 2015ஆம் ஆண்டுச் சிறுநீரகப் பதிவேட்டின்படி, காப்பீடு உள்ள பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 800 பேர் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ பெற்று உயிரோடு இருந்தார்கள். அரசை நம்பியிருப்போரில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 70 பேர். காப்பீடு உள்ளவருக்கு நோய் பதினோரு மடங்கு அதிகம் என்று இதற்குப் பொருள் இல்லை. இல்லாதவர்கள் கணக்கில் வருவதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள்.

1998ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கட்டாயப் பட்டியலில் நாள்பட்ட சிறுநீரக நோயும் இருக்கிறது. மிக மலிவான காப்பீட்டிலும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு ஒட்டியது. 1994க்குப் பிறகு இறக்குமதித் துணிக்குக் கதவு திறந்தபோது டர்பன் பக்கத் தையல் ஆலைகளும் செருப்பு ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. அங்கே உழைத்தவர்களில் இந்திய வம்சாவளிப் பெண்கள் நிறையப் பேர். வேலையோடு காப்பீடும் போனது. உடம்பு முடியாமல் வேலை போகும்போதும் இதேதான்: காப்பீடு மிகத் தேவையான மாதத்தில் அது நின்றுபோகும். வேலையை விடும்முன், தவணையைச் சொந்தமாகக் கட்டி உறுப்பினராகத் தொடர வழி உண்டா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு முறை அறுந்தால் திரும்பச் சேரும்போது பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள்.

அரசு மருத்துவமனையில் யாருக்கு இடம் என்பதை ஒரு குழு முடிவு செய்யும். கேப் டவுனில் ஒரு பொது மருத்துவமனையில் 1988 முதல் 2003 வரை இப்படி எடுத்த முடிவுகளைப் பின்னால் ஆராய்ந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு மறுப்பு. வெள்ளையர், வேலையில் இருப்பவர், மணமானவர் ஆகியோருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. யாரும் நிறத்தைப் பார்த்து முத்திரை குத்தியிருக்க வேண்டியதில்லை. வீட்டில் குழாய் நீர் உண்டா, போக்குவரத்து உண்டா, கவனிக்க ஆள் உண்டா என்று கேட்டாலே பதில் நிறவாரியாகப் பிரிந்துவிடும். பிரித்து வைத்ததுதான் இந்த நாட்டின் சரித்திரம். 2010இல் மேற்கு கேப் மாகாணம் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரிக்கும் விதியை எழுத்தில் கொண்டுவந்தது. கறாரானதுதான், ஆனால் குடும்பத்தார் அதைப் படித்துப் பார்க்கவாவது முடியும்.

இடம் கிடைத்தாலும் கணக்கு முடியவில்லை. வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 நாள். இரண்டு டாக்ஸி மாறி ஒரு சவாரிக்கு 20 ராண்ட் என்று வைத்தால் போய்வர 80. ஆண்டுக்கு 12,480 ராண்ட். சிகிச்சை இலவசம். ஒரு முறைக்கு நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் சுத்த நீர் வேண்டும். அதைச் சுத்திகரிக்கையில் வீணாவது தனி. மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை இயந்திரம் பேட்டரியில் சில நிமிடம் ஓடும், அதுவும் போனால் செவிலியர் கைப்பிடியைச் சுற்றித்தான் ரத்தத்தை உடம்புக்குத் திருப்ப வேண்டும்.

தூரத்தில் இருப்பவருக்கு வயிற்று டயாலிசிஸ் ஏற்றது என்பார்கள். இயந்திரம் வேண்டாம்; வயிற்றில் போட்ட குழாய் வழியாக நாளுக்கு நான்கு முறை, 2 லிட்டர் திரவம் உள்ளே விட்டு எடுக்க வேண்டும். மாதத்துக்கு 120 பை. எடை 240 கிலோவுக்கு மேல். மூன்று தலைமுறை இருக்கும் யூனிட் வீட்டில் அவற்றை வெயில் படாமல், தரையில் ஈரம் படாமல் அடுக்க ஒரு சுவர் முழுக்க வேண்டும். பை மாற்றும்போது கதவு, சன்னல் மூடி, விசிறியை நிறுத்தி, ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவி, காயவைத்து, அதன் பிறகே குழாயைத் தொட வேண்டும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப் போனது. ஊர் பல மாதம் லாரி நீரில் ஓடியது. அப்படிப்பட்ட வீட்டில் வாளி நீரில் கையை முக்கிக் கழுவினால் அழுக்கு அதே நீரிலேயே தங்கும். மூடிபோட்ட, அடியில் குழாய் வைத்த கேனில் கொதித்து ஆறிய நீரை நிரப்பி, ஓடவிட்டுக் கழுவ வேண்டும். துடைத்த பிறகு ஆல்கஹால் கைத் திரவம் தடவிக் காயவிட வேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் வெளியே வரும் திரவம் மங்கலாக, கஞ்சித் தண்ணீர்போல வரலாம். பையின் அடியில் செய்தித்தாளை வைத்துப் பார்க்கையில் எழுத்துத் தெரியவில்லை என்றால் வயிற்றுக்குள் தொற்று. காலைவரை காத்திருக்கக் கூடாது. அந்தப் பையையும் தூக்கி எறியக் கூடாது, பரிசோதிக்க அது வேண்டும். டோங்காட்டிலிருந்து டர்பன் நடுவுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர், இருட்டிய பிறகு டாக்ஸி ஓடாது. பை மாற்றக் கற்றுக்கொடுக்கும் முதல் வாரத்திலேயே, இரவில் வண்டி தரக்கூடிய பக்கத்து வீட்டாரின் போன் எண்ணைக் குழாய்ப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டச் சொல்கிறார்கள் செவிலியர்கள்.